துள்ளாத பை

ஒரு ரப்பர் பந்தையும், அரைக் கிலோ அரிசி போட்டுத் தைத்த துணிப்பை ஒன்றையும் இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் விட்டுப் பாருங்கள். பந்து எழும்பும், விழும், மறுபடி எழும்பும். கடைசியில் நாம் எதிர்பாராத ஏதோ ஒரு மூலையில் போய் நிற்கும். பை தொப்பென்று விழும். விழுந்த இடத்திலேயே கிடக்கும். அடுத்து, அந்தப் பையிலிருந்து ஒரே ஓர் அரிசியை எடுத்து அதே உயரத்திலிருந்து விடுங்கள். அது துள்ளும். தனியாக விட்டால் துள்ளுகிற மணி, ஆயிரக்கணக்கில் சேர்ந்து ஒரு பைக்குள் அடைபட்டதும் அந்தத் துள்ளலை எங்கே தொலைத்தது?

இந்தத் தொப்பென்ற விழுகையை நம்பியே ஒரு விளையாட்டு நடக்கிறது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரிலும், ஆற்றுக்கு அக்கரையிலுள்ள கெண்டக்கியிலும் கொல்லைப்புறப் புல்தரைகளில் வேரூன்றிய ஆட்டம் அது, பெயர் கார்ன்ஹோல். சாய்வாக நிறுத்திய இரண்டு மரப்பலகைகள், ஒவ்வொன்றின் மேல்பாகத்திலும் ஒரு வட்டத் துளை, மக்காச்சோளம் நிரப்பிய எட்டுப் பைகள். சாமான் இவ்வளவுதான். ஒரு பலகையின் பக்கத்தில் நின்றுகொண்டு எதிர்ப்பலகையை நோக்கிப் பையை வீச வேண்டும். துளைக்குள் போனால் 3 புள்ளி, பலகைமேல் தங்கினால் 1 புள்ளி. ஆளுக்கு நான்கு பைகள். சுற்று முடிந்ததும் இருவர் எடுத்ததையும் கழித்துப் பார்த்து, கூடுதலாக எடுத்தவருக்கு அந்த வித்தியாசத்தை மட்டும் எழுதுவார்கள். 21 புள்ளியை முதலில் எட்டுபவர் ஜெயித்தவர்.

ஆட்டம் எங்கே பிறந்தது என்பதற்கு ஊருக்கு ஒரு கதை சொல்வார்கள். ஏட்டில் இருக்கும் பழைய சான்று 1883ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஹெய்லிகர் டி விண்ட் என்பவர் அந்த ஆண்டு சாய்பலகையில் பை வீசும் ஆட்டம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய பலகையில் துளை சதுரமாக இருந்தது. 1974 செப்டம்பரில் 'பாப்புலர் மெக்கானிக்ஸ்' இதழ் வீட்டிலேயே செய்துகொள்ளத் தக்க ஒரு பலகையின் அளவுகளை வெளியிட்டது. அந்தப் பலகை இன்றையதைவிட ஓர் அடி குட்டை. பையின் எடையும் இன்றையதில் பாதிதான். 2005இல் அமெரிக்கன் கார்ன்ஹோல் ஆர்கனைசேஷன், 2015இல் அமெரிக்கன் கார்ன்ஹோல் லீக் என்று அமைப்புகள் வந்து போட்டிகளும் பரிசுகளும் பெருகின. ஆனாலும் அளவு நாடாவும் ரம்பமும் உள்ள யாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடக்கூடிய ஆட்டமாகவே அது இன்றும் இருக்கிறது. வீட்டில் குடும்பமாக ஆட நினைப்பவர்களுக்கு அதுதான் முக்கியம்.

இன்றைய பலகை 4 அடி நீளம், 2 அடி அகலம். துளை 6 அங்குல விட்டம்; அதன் மையம் மேல் விளிம்பிலிருந்து 9 அங்குலம். பின்பக்கம் தரையிலிருந்து 12 அங்குல உயரத்திலும், முன்பக்கம் மூன்று நான்கு அங்குல உயரத்திலும் இருக்கும். இரு பலகைகளுக்கும் இடையே 27 அடி. பை 6 அங்குலச் சதுரம், எடை சுமார் 450 கிராம். இந்த எண்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் ஒரே ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. மனிதக் கை எந்த வீச்சையும் அச்சுப் பிசகாமல் இரண்டு முறை செய்யாது. அப்படி வருகிற பிழைகளில் எதைப் பொறுப்பது, எதைப் பொறுக்காமல் விடுவது என்பதைத்தான் இந்த அளவுகள் தீர்மானிக்கின்றன. எட்டு வயதுப் பேத்தியும் எழுபது வயதுத் தாத்தாவும் ஒரே ஆட்டத்தில் எதிரெதிரே நிற்க முடிவது அதனால்தான்.

முதலில் அந்தப் பை. 450 கிராம் மக்காச்சோளத்தில் ஏறக்குறைய 1,500 மணிகள் இருக்கும். பை பலகையைத் தொடும் நொடியில் அடியிலிருக்கும் மணிகள்தான் முதலில் அடிவாங்குகின்றன. அவை எழும்பப் பார்க்கும்போது மேலிருக்கும் மணிகள் இன்னும் கீழே வந்துகொண்டிருக்கின்றன. மோதல், அதன்மேல் மோதல். ஒவ்வொரு மோதலிலும் ஒரு மணி தன் ஆற்றலில் பாதியை மட்டும் காப்பாற்றிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து மோதல் தாண்டியதும் மிஞ்சுவது ஆயிரத்தில் ஒரு பங்கு. கண் இமைப்பதற்குள் பைக்குள்ளே ஆயிரக்கணக்கான மோதல்களும் உரசல்களும் நடந்து முடிந்துவிடுகின்றன. திருவிழாக் கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் ஒருவரைத் தள்ளினால், அந்தத் தள்ளு நாலைந்து ஆள் தாண்டுவதற்குள் தேய்ந்து போகுமே, அதைப் போலத்தான். தனி மணிக்கு இருந்த துள்ளல் கூட்டத்துக்குள் பங்கு பிரிந்து கரைகிறது.

கரைந்த ஆற்றல் வெப்பமாகிறது. வீசிய பை பலகைக்கு வந்து சேரும்போது அதனிடம் சுமார் 20 ஜூல் இயக்க ஆற்றல் இருக்கும். அது முழுவதையும் மணிகளே வாங்கிக்கொண்டாலும் பையின் வெப்பநிலை ஒரு செல்சியஸ் பாகையில் நூறில் இரண்டு மூன்று பங்குதான் ஏறும். தொட்டுப் பார்த்தால் தெரியாது. ஆனால் ஒவ்வொரு வீச்சிலும் அது நடக்கிறது.

இதே வித்தையைத் தொழிற்கூடங்களிலும் பயன்படுத்துகிறார்கள். சாதாரணச் சுத்தியலால் இரும்பை அடித்தால் அது எகிறித் திரும்பும். தலைக்குள் குடைந்து எஃகுக் குண்டுமணிகளை நிரப்பிய சுத்தியல் ஒன்று உண்டு. அடித்த இடத்திலேயே படிந்து நிற்கும். கைக்கும் அதிர்ச்சி குறைவு. ரோபோ ஆராய்ச்சியாளர்களும் மணிகளிடம் பாடம் கேட்டிருக்கிறார்கள். 2010இல் சிகாகோ, கார்னெல் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் ஐரோபாட் நிறுவனத்துடன் சேர்ந்து, காப்பித்தூள் அடைத்த ஒரு ரப்பர் பலூனையே ரோபோவின் கையாக்கிக் காட்டினார்கள். பலூனை ஒரு பொருளின்மேல் அழுத்தினால் தூள் வழிந்து அந்தப் பொருளின் வடிவத்துக்கு இடம் கொடுக்கும். உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சியதும் தூள் இறுகித் திடமாகிப் பொருளைப் பற்றிக்கொள்ளும். மணித்திரள் ஒரு கணம் நீர்மமாகவும் மறுகணம் திடமாகவும் நடந்துகொள்ளும். கார்ன்ஹோல் பையும் அப்படித்தான். 6 அங்குலச் சதுரத்தின் மூலைக்கு மூலை நீளம் எட்டரை அங்குலம். துளையின் விட்டமோ 6 அங்குலம். விறைப்பான கட்டையாக இருந்தால் விளிம்பில் தட்டி நின்றுவிடும். பை துளையின் விளிம்பில் மடிந்து, உள்ளிருக்கும் மணிகள் ஒரு பக்கம் வழிந்து, தன்னைவிடச் சிறிய வாசலுக்குள் இறங்கிப் போகிறது.

பறக்கும்போது கதை வேறு. தேர்ந்த ஆட்டக்காரர் பையைத் தட்டையாகப் பிடித்து, விடும்போது மணிக்கட்டால் ஒரு சுழற்சி கொடுக்கிறார். சுழலும் பைக்குள் மணிகள் ஓரங்களை நோக்கி ஒதுங்குகின்றன. நடுப்பகுதி மெலிந்து பை ஒரு தட்டாகப் பரவுகிறது. அப்படிப் பரவிய தட்டு தன் அச்சை எளிதில் விடாது. இங்கே மணிகளின் ஆற்றல் தின்னும் குணம் இன்னொரு விதத்திலும் கைகொடுக்கிறது. உள்ளுக்குள்ளே ஆற்றலை இழக்கக்கூடிய எந்தப் பொருளும், சுழலும்போது, மிகப் பரந்து சுழலும் நிலைக்கே கடைசியில் வந்து சேரும். அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்புளோரர் 1, 1958 ஜனவரி 31 அன்று ஏவப்பட்டபோது இந்த விதி விண்வெளியில் வெளிப்பட்டது. பென்சிலாக நீண்ட அந்தச் செயற்கைக்கோளை அதன் நீள அச்சில் சுழலவிட்டிருந்தார்கள். அதன் வளையும் ஆண்டெனாக்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றலைத் தின்ன, முதல் சுற்று முடிவதற்குள்ளேயே அது குறுக்காகப் புரண்டு சுழல ஆரம்பித்துவிட்டது. பொறியாளர்கள் விரும்பாத முடிவு அது. தட்டையான பைக்கோ அதே விதி துணை நிற்கிறது. தட்டையாகச் சுழல்வதுதான் அதற்கு மிகப் பரந்த நிலை. கையை விட்டுக் கிளம்பும்போது இருக்கும் சிறு தள்ளாட்டத்தை உள்ளே உரசும் மணிகள் அடக்கப் பார்க்கின்றன.

எடைக்கும் காரணம் உண்டு. 1974இல் சொன்ன பை சுமார் 225 கிராம், அளவு இன்றையதேதான். ஒரே அளவுள்ள இரண்டு பைகளைக் காற்று ஒரே விசையோடுதான் தள்ளும். பாதி எடையுள்ள பை அந்தத் தள்ளலுக்கு இரண்டு மடங்கு இடம் கொடுக்கும். திறந்தவெளியில் ஆடும் ஆட்டத்துக்கு அரைக் கிலோ சரியான தேர்வு: குழந்தை தூக்கி வீச முடிகிற எடை, ஓரளவு காற்றைப் பொருட்படுத்தாத எடை.

இனி அந்தப் பாதை. வீசிய பொருள் பரவளையப் பாதையில் போகும் என்பதைக் கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். அவர் காட்டிய கணிதத்தை நம் பலகைக்குப் போட்டுப் பார்க்கலாம். கையை முன்னே நீட்டி விடும் இடத்திலிருந்து துளை ஏறத்தாழ எட்டரை மீட்டர் தள்ளி, கையைவிட முக்கால் மீட்டர் கீழே இருக்கிறது என்று கொள்வோம். மிகக் குறைந்த வேகத்தில் அங்கே போய்ச் சேர வேண்டுமானால் தரைக்கு 43 பாகைச் சாய்வில் விநாடிக்கு 8.7 மீட்டர் வேகத்தில் வீச வேண்டும். மணிக்குச் சுமார் 31 கிலோமீட்டர். நிதானமாகச் சைக்கிள் மிதிப்பவரைவிட வேகம், மோட்டார் சைக்கிளில் போகிறவரைவிட மெதுவானது. பை தலைக்கு மேலே எழும்பி, ஒன்றேகால் விநாடிக்குச் சற்றுக் கூடுதலாகக் காற்றில் இருந்துவிட்டு இறங்கும்.

இந்தக் குறைந்த வேகப் பாதைக்கு ஓர் அபூர்வ குணம் இருக்கிறது. கோணத்தில் வரும் பிழையை அது ஏறக்குறைய விழுங்கிவிடுகிறது. கீழ்க்கையாக வீசும்போது நேராக நீட்டிய கை தோளை மையமாக வைத்து ஒரு வட்டத்தில் சுற்றுகிறது. அந்த வேகத்தில் ஒரு மில்லி விநாடிக்குள் கை முக்கால் பாகை அளவுக்குத் திரும்பிவிடும். விரல்கள் நூறில் ஒரு விநாடி தாமதமாகப் பிரிந்தால் சாய்வு 7 பாகை மாறிப்போகும். 43 பாகையில் வீசியிருந்தால் அந்த 7 பாகைப் பிழையால் பை 20 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைந்து விழும். அதே தூரத்துக்கு 25 பாகையில் தாழ்வாக விரைந்து வீசியிருந்தால் அதே தாமதம் ஒரு மீட்டர் அளவுக்குக் குறியைத் தவறவைக்கும். விரல்களின் தாமதம் ஒன்றுதான். பாதை தேர்ந்தெடுத்த விதத்தில் தண்டனை ஐந்து மடங்கு மாறுகிறது.

உயர்ந்த வளைவு எல்லாப் பிழையையும் பொறுக்காது. வேகத்தில் 3 சதவீதம் கூடினாலே பை அரை மீட்டர் தள்ளிப் போய் விழும். வேகப்பிழைக்கு வேறு ஏற்பாடு தேவைப்படுகிறது. அதற்கு வருவதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். ஐஐடி மெட்ராஸில் படித்து இப்போது ஹார்வர்டில் இருக்கும் எல். மகாதேவனும் யேல் பல்கலைக்கழகத்தின் மதுசூதன் வெங்கடேசனும் 2017இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வீசுவதற்கு முன் கையில் இருக்கும் சிறு பிழைகளைப் பரவளையப் பாதை எப்படிப் பெருக்குகிறது என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள். தசை, நரம்பு, மூட்டு என்ற உடலின் சிக்கல்களையெல்லாம் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, வெறும் பாதையின் கணிதத்தை மட்டும் வைத்துக்கொண்டே, வேகம் கூடக்கூடத் துல்லியம் ஏன் சரிகிறது, குறி இருக்கும் இடத்தைப் பொறுத்து மேல்கை வீச்சோ கீழ்க்கை வீச்சோ ஏன் சிறக்கிறது என்பதை விளக்கிக் காட்டினார்கள். நம் கைக்குள் இருப்பதாக நாம் நினைக்கும் திறமையில் ஒரு பெரிய பங்கு காற்றில் வளையும் அந்தக் கோட்டுக்குள் இருக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பாகவே இருக்கிறது.

வேகப்பிழையைப் பொறுப்பது பலகையின் வேலை. துளை பலகையின் நடுவில் இல்லை, மேல்பாகத்தில் இருக்கிறது. துளைக்கு முன்னால் 36 அங்குல மரம், துளைக்குப் பின்னால் 6 அங்குலம். குறைந்து விழும் பைக்குக் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் சலுகை. கூடிப்போன பைக்கு ஒரு சாண்கூட இல்லை. தேர்ந்தவர்கள் துளையைக் குறிவைத்து வீசுவது குறைவு. துளைக்கு முன்னே மரத்தில் இறக்கி, மீதித் தூரத்தைச் சறுக்கவிடுகிறார்கள். பை மரத்தைத் தொட்டதும் அதன் கீழ்நோக்கிய வேகத்தை மணிகள் தின்றுவிடுகின்றன. முன்னோக்கிய வேகத்தில் ஒரு பங்கு உராய்வில் போய், மிச்சம் பையை மேல்நோக்கி இழுத்துச் செல்கிறது. துள்ளும் பையாக இருந்தால் இந்தச் சறுக்கலே நடக்காது. சறுக்கிப் போகும் வழியில் துளை குறுக்கிட்டால் பை உள்ளே. முன்னால் ஏற்கெனவே ஒரு பை கிடந்தால் அதையும் தள்ளிக்கொண்டு போகலாம்.

ஏறத்தாழ 10 பாகைச் சாய்வுக்கும் காரணம் இங்கேயே இருக்கிறது. சறுக்கி நின்ற பை தானாகக் கீழே வழுகாமல் இருக்க வேண்டுமானால் துணிக்கும் மரத்துக்கும் இடையிலான உராய்வெண் 0.18ஐ விடக் கூடுதலாக இருந்தால் போதும். சாதாரணக் கான்வாஸும் வார்னிஷ் பூசிய மரமும் அதைத் தாராளமாகத் தாண்டும். ஆக, நின்ற பை நின்றபடியே இருக்கும். வருகிற பையை மட்டும் சாய்வு கொஞ்சம் பிடித்து நிறுத்தும். போட்டிக்காரர்களின் பைகளில் ஒரு பக்கம் வழவழப்புத் துணி, மறுபக்கம் சொரசொரப்புத் துணி. எந்தப் பக்கம் மரத்தில் படும்படி வீசுவது என்பதே ஒரு முடிவு.

கோணப்பிழையை வளைவும், வேகப்பிழையைப் பலகையும் வாங்கிக்கொண்டால் மிஞ்சுவது பக்கவாட்டுப் பிழை. அதற்கு இந்த ஆட்டத்தில் கருணை மிகக் குறைவு. 9 மீட்டர் தூரத்தில் 6 அங்குலத் துளைக்குள் போக இடம் வலமாக அரைப் பாகைதான் விலகலாம். பலகையின்மேல் விழ இரண்டு பாகை வரை விலகலாம். மூன்று புள்ளிக்கும் ஒரு புள்ளிக்கும் உள்ள வித்தியாசம் இதுவே. கீழ்க்கை வீச்சின் அருமையும் இங்கேதான் தெரிகிறது. உடம்பை ஒட்டி நேர்க்கோட்டில் முன்னும் பின்னும் ஆடும் கை ஒரே செங்குத்துத் தளத்தில் போகிறது. விரல்கள் சற்று முன்னதாகவோ பின்னதாகவோ பிரிந்தாலும் ஏற்ற இறக்கம்தான் மாறும். திசை அதே தளத்தில் நிற்கும். எந்தப் பிழை மன்னிக்கப்படுமோ அந்தப் பிழையையே கை செய்யும்படி வீச்சின் வடிவம் அமைந்திருக்கிறது. குழந்தைகளுக்குச் சொல்லித் தர ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், கை நேராக முன்னும் பின்னும் போகட்டும் என்பதைத்தான் சொல்வேன். பலமாக வீசு என்று சொல்லவே மாட்டேன்.

செய்வதற்கு வருவோம். அரை அங்குலப் பிளைவுட், 4 அடிக்கு 2 அடியாக வெட்டி வாங்கிக்கொள்ளலாம். அடியில் சுற்றிலும் மரச்சட்டம் அடித்து, நடுவில் ஒரு குறுக்குச்சட்டமும் போட வேண்டும். குறுக்குச்சட்டத்தை விட்டுவிட ஆசை வரும், விடக்கூடாது. நடுவில் தாங்கல் இல்லாத மெல்லிய பலகை அடி வாங்கியதும் வளைந்து நிமிரும். அந்த நிமிர்வு, மணிகள் தின்ன வேண்டிய ஆற்றலைப் பைக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். துள்ளாத பையைப் பலகையே துள்ளவைக்கும். பின்கால் இரண்டையும் போல்ட்டும் நட்டும் போட்டு மடக்கும்படி வைத்தால் சுவரோரம் சாத்தி வைக்கலாம். துளைக்கு ஓர் ஆணியும் நூலும் பென்சிலும் போதும்: மேல் விளிம்பிலிருந்து 9 அங்குலத்தில், இரு பக்கமும் 12 அங்குலம் விட்டு ஆணியை நிறுத்தி, 3 அங்குல நூலில் பென்சிலைக் கட்டிச் சுற்றினால் வட்டம் வந்துவிடும். துளைபோட்டு ஜிக்சா ரம்பத்தால் அறுப்பதைப் பெரியவர்கள் செய்ய வேண்டும். பிறகு விளிம்பை உப்புத்தாளால் தேய்க்கும் வேலையைப் பிள்ளைகளிடம் தரலாம். சிலும்பு இருந்தால் துணி கிழியும். அந்த விளிம்பில்தான் பை மடிந்து இறங்க வேண்டும். கடைசியாக இரண்டு பூச்சு வார்னிஷ்.

பலகை காய்ந்ததும் பிள்ளைகளோடு ஒரு சோதனை செய்யலாம். தரையில் படுக்கவைத்த பலகையின் நடுவில் பையை வைத்து, ஒரு முனையை மெல்ல மெல்லத் தூக்குங்கள். பை வழுகத் தொடங்கும் நொடியில் அந்த முனையின் உயரத்தை அளவுகோலால் பாருங்கள். 4 அடிப் பலகையில் 16 அங்குல உயரத்தில் வழுகினால் உராய்வெண் ஏறக்குறைய 0.35. 24 அங்குலம் வரை தாங்கினால் 0.58. ஒன்பதாம் வகுப்புப் பாடப்புத்தகம் இல்லாமலே உராய்வை அளந்தாயிற்று. உயரம் மிகக் குறைவாக வந்தால் மரம் மிதமிஞ்சி வழவழப்பாகிவிட்டது. பை துளையையும் தாண்டிப் பின்னால் விழும். உப்புத்தாளை இன்னொரு முறை எடுக்கலாம்.

பைக்கு அழுத்தமான கான்வாஸ் துணியில் 7 அங்குலச் சதுரங்கள் வெட்டி, இரண்டிரண்டாகச் சேர்த்து, ஓரத்தில் அரை அங்குலம் விட்டு இரட்டைத் தையல் போட வேண்டும். உள்ளே போடும் தானியத்தைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். எட்டுப் பைகளும் ஒரே எடையாக இல்லாவிட்டால், கை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பழக வேண்டியிருக்கும். திணித்து அடைக்கக் கூடாது. மணிகள் அசைய இடம் இல்லாத பை இறுகிய தலையணையாகி, வழியவும் மாட்டாது, ஆற்றலைத் தின்னவும் மாட்டாது. மக்காச்சோளத்தை நன்றாக வெயிலில் காயவைத்துப் போடலாம். ஆனாலும் அது நாளடைவில் இடிபட்டுப் பொடியாகும், வண்டு வரும், எலி தேடி வரும், மழையில் நனைந்தால் முளைக்கவும் முளைக்கும். அமெரிக்கப் போட்டிகளில் சோளத்துக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் மணிகள் வந்தது இதனால்தான். நம் வீட்டில் புளியங்கொட்டை கிடைத்தால் அதையே போடுவேன். தோல் கெட்டி, வழவழப்பு, சுலபத்தில் பொடியாகாது. மணல் வேண்டாம். துணியின் இழைவழியே கசிந்து, ஆட்டத்துக்கு ஆட்டம் எடை குறைந்துகொண்டே போகும்.

பலகையும் பையும் தயாரான பிறகு கற்றுக்கொள்வது மூளையின் வேலை. பை ஓரடி இடப்பக்கம் விழுகிறது. அடுத்தது அரையடி. அதற்கடுத்தது பலகையின் விளிம்பு. வீசியவரைக் கேட்டால் எதை மாற்றினார் என்று சொல்லத் தெரியாது. மாற்றியது சிறுமூளை. 1996இல் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகர ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். காட்சியை ஒரு பக்கமாக நகர்த்திக் காட்டும் பட்டகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு களிமண் உருண்டைகளைக் குறியை நோக்கி வீச வேண்டும். முதல் உருண்டைகள் காட்சி நகர்ந்த பக்கமாகவே தவறின. பத்திலிருந்து முப்பது வீச்சுக்குள் பெரும்பாலோர் குறிக்குத் திரும்பிவிட்டார்கள். கண்ணாடியைக் கழற்றியதும் வீச்சு எதிர்ப்பக்கம் தவறியது! கண் சரியாகத்தான் பார்த்தது. கைதான் இன்னும் கண்ணாடிக்குரிய கணக்கிலேயே இருந்தது. சிறுமூளை பாதிக்கப்பட்ட நோயாளிகள் பலரிடம் இந்தப் பழக்கமே ஏற்படவில்லை. இன்னொரு விந்தையும் தெரியவந்தது: மேல்கை வீச்சில் கற்றுக்கொண்ட திருத்தம் பலருக்குக் கீழ்க்கை வீச்சுக்கு வரவில்லை. கை அதே கை. ஆனால் சிறுமூளை அந்த இரண்டு வீச்சுக்கும் தனித்தனிக் கணக்கு வைத்திருந்தது. கிரிக்கெட்டில் நன்றாகப் பந்தெறியும் மாமா முதல் ஆட்டத்தில் மருமகளிடம் தோற்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் பை வீசியே பதில் கண்டிருக்கிறார்கள். 1978இல் ராபர்ட் கெர், பெர்னார்ட் பூத் என்ற இருவர் எட்டு வயதுச் சிறுவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு 3 அடி தூரத்துக் குறியில் மட்டுமே சிறு பைகளை வீசிப் பழகியது. மற்றது 2 அடியிலும் 4 அடியிலும் பழகியது. 3 அடியைத் தொடவே இல்லை. கடைசியில் இரண்டு குழுவுக்கும் 3 அடியிலேயே தேர்வு வைத்தார்கள். அந்தத் தூரத்தில் ஒருமுறைகூடப் பழகாத குழுவின் வீச்சுதான் குறிக்கு நெருக்கமாக விழுந்தது. ஒரே தூரத்தில் பழகிய கை அந்தத் தூரத்தைக் கற்றுக்கொள்கிறது. தூரம் மாறும் இடத்தில் பழகிய கை, தூரத்துக்கும் விசைக்கும் உள்ள உறவையே கற்றுக்கொள்கிறது என்பதுதான் இதற்குத் தரப்படும் விளக்கம்.

ஆகவே குடும்ப ஆட்டத்தில் 27 அடி என்ற எண்ணுக்குப் பிடிவாதம் வேண்டாம். அது வளர்ந்தவர்களின் தூரம். அமெரிக்காவிலேயே சிறுவர்களுக்கு 21 அடி என்று குறைத்துக்கொள்கிறார்கள். மொட்டை மாடியோ வாசலோ பதினைந்து அடிதான் இருக்கிறதென்றால் பதினைந்து அடியில் ஆடலாம். சிறு பிள்ளைகளுக்கு இன்றைக்கு ஆறடியில் சாக்கட்டியால் கோடு போடுங்கள். நாளைக்குப் பத்தடியில், அதற்கு மறுநாள் எட்டடியில். கோட்டை அடிக்கடி மாற்றினால் முதல் சில நாட்களில் புள்ளி குறையும், சண்டையும் வரும். கோட்டை மாற்றுவதை மட்டும் நிறுத்தாதீர்கள்.